விமானத்தின் குறுக்கே நின்ற உங்களுக்கு

அம்மணி,

போன வாரம் சரவணம்பட்டியில் ஒரு துணிக்கடைக்குப் போயிருந்தேன். அடித்தளத்தில் வண்டி நிறுத்துமிடம். சரிவில் காரை இறக்கிக்கொண்டிருந்தபோது, கீழே நின்ற காவலாளிப் பெண் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, மணிக்கட்டுகளைக் குறுக்கே வைத்துக் காட்டினார். உள்ளே வேறொரு கார் பின்னுக்கு வந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். நான் பிரேக்கை மிதித்த மிதியில் பக்கத்து இருக்கையிலிருந்த கைப்பை கீழே விழுந்து, சாவி, கண்ணாடி, மாத்திரை அட்டை எல்லாம் சிதறிவிட்டன. அவர் ஓடி வந்து கார்க் கண்ணாடியைத் தட்டினார்.

"ஏனுங்க மேடம், பயந்துட்டீங்களா? மெதுவா நின்னாப் போதுமுங்களே."

"பயமெல்லாம் இல்லைங்க, பழக்கம்" என்றேன். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கைகளைப் பார்த்தும் ஒரு முறை நிற்காமல் போனவள் நான் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

துடியலூர் வீட்டுக்கு வந்ததும் உங்களுக்கு எழுத வேண்டும் போலிருந்தது. நீங்கள் போய் இரண்டு ஆடி கடந்துவிட்டது. உங்களைப் பற்றிக் கேட்டால் ஆளாளுக்கு ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். நல்ல உழைப்பாளி என்பார்கள், தைரியமான பொம்பளை என்பார்கள். எனக்கு அது போதவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதினால்தான் நீங்கள் யார் என்பது தெரியும்.

பல்லடத்துக்குத் தெற்கே, உடுமலை சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்த அந்தச் சின்ன விமானப் பயிற்சி நிலையத்தில் நான் பயிற்றுநராகச் சேர்ந்தபோது நீங்கள் அங்கே புல் வெட்டிக்கொண்டிருந்தீர்கள். ஓடுபாதையின் இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்துக்குப் புல். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர், மெலிந்த உடம்பு, தலையில் துண்டு. ஒவ்வொரு விமானம் கிளம்பும்போதும் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பீர்கள். மற்றவர்களும் பார்ப்பார்கள். ஆனால் அவர்கள் மேலே போகும் விமானத்தைப் பார்ப்பார்கள், நீங்கள் தரையில் உருண்டு போகும்போதே பார்ப்பீர்கள். ஒரு நாள் என்னிடம் கேட்டீர்கள்: "ஏனுங்க மேடம், போறப்ப வாலு அப்படி ஆடுதே, அது ஆடலாமுங்களா?" ஆடக் கூடாதுதான். அன்று ஒரு மாணவர் விமானத்தை வேகமாக உருட்டிக்கொண்டு போயிருந்தார். அவரை நான் கண்டித்திருக்க வேண்டும். கண்டிக்காமல் விட்டதை நீங்கள் கேட்ட பிறகுதான் உணர்ந்தேன்.

தரையில் நின்று விமானத்துக்குக் கைகாட்டும் வேலைக்கு ஆள் வேண்டியிருந்தபோது, உங்கள் பெயரைச் சொன்னது நான். பத்தாவது வரை படித்தவர் என்பதை அப்போதுதான் எல்லாரும் தெரிந்துகொண்டார்கள். பயிற்சி முடிந்து ஆரஞ்சு மேல்சட்டை கொடுத்த நாளில் அதைக் கழற்றாமல், பேருந்திலும் அதோடேயே ஏறி வீட்டுக்குப் போனீர்கள். மறுநாள் கேட்டதற்கு, "ஊட்டுக்காரர் பாக்கோணுமில்லீங்க? தறிக் குடோன்ல இருக்கற அத்தனை பேரும் பாத்தாங்க" என்றீர்கள்.

அந்தச் சட்டையோடு நீங்கள் செய்த முதல் பெரிய காரியத்தை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். நிலையத்தின் ஆண்டு விழா. சுற்று வட்டாரப் பெரிய மனிதர்களை அழைத்திருந்தார்கள். ஒரு வெள்ளைக் கார் வாசலில் நிற்காமல், விமானங்கள் நிற்கும் தளத்துக்கே நேராக வந்துவிட்டது. அந்த நேரம் ஒரு விமானத்தின் முன்விசிறி சுழன்றுகொண்டிருந்தது. நீங்கள் காருக்கு முன்னால் போய்க் கைகளைக் குறுக்கே தூக்கி நின்றீர்கள். கார் நின்றது. உள்ளேயிருந்தவர் கண்ணாடியை இறக்கினார். உங்கள் அம்மா வாழ்நாளெல்லாம் கூலிக்குப் போன தோட்டத்தின் சொந்தக்காரர்.

"நீ நம்ம தோட்டத்துக்கு வந்துட்டிருந்தாளே, அவ மகதானே?"

"ஆமாங்க சார். உள்ள விசிறி சுத்துதுங்க. காரை அக்கட்ட நிறுத்திப்போட்டு நடந்து வாங்க."

உங்கள் அம்மா அவரைப் 'பண்ணாடி' என்று கைகட்டி அழைத்தவர். நீங்கள் 'சார்' என்றீர்கள், மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை, கைகளையும் இறக்கவில்லை. அவர் ஒரு கணம் உங்களைப் பார்த்தார், ஓட்டுநரைப் பார்த்தார், பிறகு இறங்கி வேட்டியைச் சரிசெய்துகொண்டு நடந்தார். மதியம் சாப்பிடும்போது, பருப்புச் சாதம் பிசைந்த டப்பாவை என் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னீர்கள்: "எங்கம்மா பாத்திருந்தா மயக்கம் போட்டு உழுந்திருக்குமுங்க. ஆனா எந்திரிச்சதுக்கப்பறம் ஊரெல்லாம் சொல்லியிருக்கும்."

காற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நம் ஓடுபாதை மேற்கிலிருந்து கிழக்காகப் போடப்பட்டது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று அந்தப் பாதையை ஒட்டியே வீசும். காற்றை எதிர்த்து மேலே எழுவது விமானத்துக்கு நல்லது. ஆனால் விமானங்கள் நிற்கும் தகரக் கொட்டகை மேற்குக் கோடியில் இருந்தது. மேற்கு நோக்கி எழ வேண்டுமானால் முதலில் கிழக்குக் கோடி வரை உருண்டு போக வேண்டும், அவ்வளவு தூரமும் காற்று முதுகில் அடிக்கும். நான்கு பேர் உட்காரும் சின்ன விமானம், தூக்குவதற்கென்றே செய்த இறக்கை. அது ஓடுகிறதா நிற்கிறதா என்று காற்று பார்ப்பதில்லை. பின்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் பிடித்தால் ஓர் இறக்கையைத் தூக்கி, மூக்கைத் தரையில் குத்திக் கவிழ்த்துவிடும். பறப்பதற்கு ஆயிரம் முறை அஞ்சுகிறவர்கள் உருட்டிக்கொண்டு போவதற்கு அஞ்சுவதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன்.

அந்த ஆடி நாள். ஒரு விமானத்தைப் பரிசோதனைக்காக வேறு ஊருக்குக் கொண்டுபோக வேண்டும். அன்றோடு கெடு. அன்றைக்கு விட்டால் அனுமதி வாங்க இரண்டு மாதம் ஆகும், அதுவரை விமானம் கொட்டகையிலேயே கிடக்கும். காலை எட்டு மணிக்குக் கிளம்பியிருக்க வேண்டியது, பேட்டரி தொந்தரவு செய்து மதியம் தாண்டிவிட்டது. என்னோடு வரப் போனவர் சதீஷ். சரவணம்பட்டியில் மென்பொருள் வேலையை விட்டுவிட்டு, முப்பது வயதில் விமானம் ஓட்டக் கற்க வந்தவர். தலைமைப் பயிற்றுநர் பதவி எனக்குக் கிடைத்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

காற்று பலமாகத்தான் இருந்தது. மாணவர் தனியாகப் போகக் கூடாத அளவைத் தாண்டியிருந்தது, பயிற்றுநர் தன் பொறுப்பில் போகலாம். கம்பத்தில் திசை காட்டும் காற்றுப்பை மேற்கிலிருந்து நேர்கோடாக நீண்டு நின்றது. நேர் எதிர்க்காற்று, சட்டென்று எழுந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். இயந்திரத்தை முடுக்கினேன். அப்போதுதான் நீங்கள் எதிரே வந்து கைகளைக் குறுக்கே தூக்கினீர்கள்.

விளக்கை இரண்டு முறை அணைத்துப் போட்டேன், வழிவிடுங்கள் என்று. நகரவில்லை. இயந்திரத்தை நிறுத்தினேன். முன்விசிறி ஓய்ந்த பிறகு பின்பக்கமாகச் சுற்றி என் சன்னலுக்கு வந்தீர்கள்.

"என்னங்க அம்மணி, ஏற்கெனவே நேரமாச்சு."

"வேண்டாமுங்க மேடம். காத்து மாறுது."

"மேக்கதானே அடிக்குது? பையைப் பாருங்க."

"பை இங்க இருக்கற காத்தைக் காட்டுதுங்க. வரப்போறதைக் காட்டாதுங்க. அந்தக் காத்தாடியப் பாருங்க." வேலிக்கு அப்பால் வயல்களுக்கு நடுவே நின்ற காற்றாலைகளைக் காட்டினீர்கள். "தெக்க இருக்கற மூணும் மொகத்தைத் திருப்பிப்போட்டுச்சு. இந்தப் பக்கத்துதெல்லாம் இன்னும் திரும்பல. நீங்க அந்தக் கோடிக்குப் போறதுக்குள்ள இங்க வந்துருமுங்க. முதுகுல ஒரு பக்கமா அடிச்சுப்போடும்."

நான் திரும்பிப் பார்த்தேன். தென்கோடியில் மூன்று காற்றாலைகள் மற்றவற்றோடு சேராமல் தென்மேற்கே பார்த்துக்கொண்டிருந்தன. அவற்றுக்குப் பின்னால் வானம் கருத்திருந்தது. பார்த்தேன், அம்மணி. அதை நான் பார்த்தேன் என்பதை என்னால் மறைக்க முடியாது.

அந்த நேரம் வானொலியில் நிலைய மேலாளரின் குரல் வந்தது. "என்ன மேடம், இன்னும் கெளம்பலையா? காத்துக்குப் பயமா இருந்தா சொல்லுங்க, வேற ஆளை அனுப்பறேன்."

அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்கக் கூடாது என்பதற்காகத்தான் நான் பதினோரு வருடம் பாடுபட்டிருந்தேன். பம்ப் பட்டறை வைத்திருந்த அப்பாவிடம் சொந்தக்காரர்கள் "பொண்ணை எதுக்கு இதுக்கு அனுப்பறீங்க" என்று கேட்ட நாளிலிருந்து. என் முகம் சூடானது.

"அக்கட்ட தள்ளி நில்லுங்க. இது என் பொறுப்பு."

நீங்கள் என்னையே பார்த்தீர்கள். கோபம் இல்லை. "சரிங்க மேடம். போங்க. நானும் கூட வாரேன்" என்றீர்கள். ஏதோ பேச்சுக்குச் சொல்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

விமானத்தை உருட்டினேன். காற்று பின்னாலிருந்து தள்ள, நினைத்ததைவிட வேகமாகப் போனது. பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட்டேன். சதீஷ் தோளைத் திருப்பிப் பின்னால் பார்த்துவிட்டு, "மேடம், அவங்க நெசமாவே கூட ஓடி வர்றாங்க" என்றார். வலது இறக்கைக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, நீங்கள் ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தீர்கள். யாரும் உங்களுக்கு அந்த வேலையைச் சொல்லவில்லை. பலத்த காற்றில் ஒருவர் காற்று வரும் பக்கத்து இறக்கையோடு கூட நடக்க வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறது. நான் அதைப் பாடமாக எடுத்திருக்கிறேன். யாரையும் நடக்க வைத்ததில்லை.

பாதிப் பாதையைத் தாண்டியிருப்போம். முதலில் புழுதி வந்தது. பிறகு விமானத்தின் வாலை யாரோ கையால் பிடித்துத் தூக்கியதுபோல் இருந்தது. நான் உட்கார்ந்திருந்த பக்கத்து வலது இறக்கை மேலே எழுந்தது. இடது இறக்கையின் நுனி தரையில் உரசும் சத்தம் கேட்டது, தகரத்தைத் தார்ச்சாலையில் இழுப்பது போல. முன்சக்கரம் அமுங்கி, சுழலும் விசிறி தரையை ஒரு சாண் தூரத்துக்கு நெருங்கியது. கண்ணாடிக்கு முன்னால் வானம் இல்லை, வெறும் தார்.

அதே நொடியில் வலது பக்கம் தடக்கென்று ஒரு பாரம் விழுந்தது. அது நீங்கள்.

இறக்கையைத் தாங்கும் சாய்வுக் கம்பியைப் பின்பக்கத்திலிருந்து இரண்டு கைகளாலும் பிடித்துத் தொங்கினீர்கள். விசிறிக்குக் கொஞ்சம்கூட முன்னால் வரவில்லை. அவ்வளவு பதற்றத்திலும் அந்தக் கணக்கு உங்களுக்குத் தப்பவில்லை. உங்கள் எடை ஐம்பது கிலோ இருந்தால் அதிகம். இறக்கை உங்களையும் சேர்த்துத் தூக்கியது. இரண்டு முறை உங்கள் கால்கள் தரையை விட்டு எழும்பியதாகச் சதீஷ் பிறகு சொன்னார். நீங்கள் விடவில்லை. நான் எரிபொருளை வெட்டினேன். விசிறி நின்றது. விமானம் மெல்ல மூன்று சக்கரத்துக்கும் இறங்கியது, ஆனால் காற்று ஓயவில்லை, இறக்கை துடித்துக்கொண்டே இருந்தது. எனக்குத் தோன்றியதெல்லாம் வெளியே குதித்துவிட வேண்டும் என்பதுதான். கதவுப் பிடியில் கை வைத்துவிட்டேன்.

"கண்ணு, எறங்காத! நீ எறங்குனா எடை போயிரும்! தம்பி, நீயும் உக்காரு!"

கண்ணு என்றீர்கள். அதுவரை ஒரு நாளும் மேடம் என்பதைத் தவிர வேறு சொல் உங்கள் வாயிலிருந்து எனக்கு வந்ததில்லை. வீட்டில் பிள்ளையை அதட்டுகிற குரல். என் கை கதவை விட்டுவிட்டது.

அப்போதுதான் என் இடது கையைக் கவனித்தேன். திருப்பும் கைப்பிடியை நெஞ்சோடு இழுத்துப் பிடித்திருந்தேன். எதிர்க்காற்றில் மூக்கைத் தூக்குவதற்காகப் பிடிப்பது போல. பின்காற்றில் அதை முன்னால் தள்ளிப் பிடிக்க வேண்டும், அப்போதுதான் காற்றே வாலைத் தரையோடு அழுத்தும். முதல் மாதத்து மாணவருக்குச் சொல்லித்தருகிற விஷயம். என் மனம் ஏற்கெனவே கிழக்குக் கோடியில் திரும்பி மேலே எழுந்து போய்க்கொண்டிருந்தது. தரையில் நடப்பதை என் கை செய்யவேயில்லை. தள்ளினேன். துடிப்பு குறைந்தது.

கொட்டகையிலிருந்து இரண்டு பேர் புல்வெட்டும் டிராக்டரை ஓட்டிக்கொண்டு வந்தார்கள். அதை இறக்கைக்கு அடியில் நிறுத்தி, கம்பியைக் கயிறு போட்டுக் கட்டினார்கள். கட்டி முடிந்தது என்று அவர்கள் இரண்டாவது முறை சொன்ன பிறகே நீங்கள் கையை எடுத்தீர்கள். எடுத்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டீர்கள். வலது தோள் இடம் பெயர்ந்திருந்தது. நான் இறங்கி ஓடி வந்தேன். வலியில் முகம் வெளுத்திருந்தது, ஆனாலும் என்னைப் பார்த்துக் கேட்டீர்கள்: "மேடம், உங்களுக்கு ஒண்ணும் ஆகலீங்களே?" மறுபடி மேடம்.

மூன்றாம் நாள் மேலாளர் என்னை அழைத்து, தட்டச்சு செய்த ஒரு தாளை நீட்டினார். எதிர்பாராத காற்று என்று ஆரம்பித்தது. தரைப் பணியாளர் ஒருவர் விதியை மீறி இயங்கும் விமானத்தின் அருகே ஓடி வந்ததால் விமானியின் கவனம் சிதறியது என்று முடிந்தது.

"கையெழுத்துப் போட்டுருங்க மேடம். அந்தம்மாவுக்கு வேற எங்காச்சும் வேலை சொல்லிவிட்டுக்கலாம். உங்க லைசென்ஸ் அப்படி இல்லைங்க பாருங்க."

நான் அதை அங்கேயே கிழித்துப் போட்டேன் என்று எழுத ஆசைதான். கிழிக்கவில்லை. மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இரண்டு நாள் அது மேசைமேல் கிடந்தது. 'ஓடி வந்தது உண்மைதானே' என்றுகூட ஒரு முறை நினைத்தேன். அந்த நினைப்பு எனக்கே தாங்காமல், தாளை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்தேன்.

தோளில் கட்டோடு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இடது கையால் ஒவ்வொன்றாக நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தீர்கள். தாளைக் கொடுத்தேன். ஒவ்வொரு சொல்லாக வாய்விட்டுப் படித்தீர்கள். ஆங்கிலத்தில் புரியாத இடத்தை என்னிடம் கேட்டீர்கள். அர்த்தம் சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"இதுல ஒண்ணு நெசமுங்க. நான் ஓடித்தான் வந்தேன்" என்றீர்கள். சிரித்தீர்களோ என்னவோ. பிறகு தாளைத் திருப்பிக் கொடுத்தீர்கள்.

"நீங்க கையெழுத்துப் போட்டா நான் தப்பா நெனைக்க மாட்டேனுங்க. எனக்கு இந்த வேலை இல்லீன்னா வேற வேலை. ஆனா ஒண்ணு மேடம். நாளைக்கு வேற ஒருத்தரு இதைப் படிச்சுப்போட்டு, ஓ, காத்து திடீர்னு வந்துச்சாமான்னு நெனைச்சுக்குவாரு. அது திடீர்னு வரலீங்களே. சொல்லிட்டுத்தானே வந்துச்சு. அது அவருக்குத் தெரியாமப் போயிருமில்லீங்க?"

இதைச் சொன்னபோது உங்கள் குரலில் என்மேல் வருத்தம்கூட இல்லை. முகம் தெரியாத அந்த யாரோ ஒரு விமானியைப் பற்றித்தான் கவலைப்பட்டீர்கள். உங்களை நினைத்து நான் பெருமைப்படுகிற நேரங்கள் பல உண்டு. அவற்றில் முதலில் நிற்பது இதுதான், இறக்கையில் தொங்கியதுகூட இதற்கு அடுத்துத்தான்.

அன்று மாலையே என் கையால் எழுதினேன். மூன்று பக்கம். நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டினார், காரணமும் சொன்னார், நான் கேட்கவில்லை. காற்றாலைகள் திரும்பியதை நானும் பார்த்தேன். கைப்பிடியைத் தவறான பக்கம் பிடித்திருந்தேன். விமானம் கவிழாததற்கு ஒரே காரணம் அவர். மேலாளருக்கு ஒரு பிரதி கொடுத்துவிட்டு, மேலிடத்துக்கு நேராக அனுப்பினேன். சதீஷ் தன் பங்குக்குத் தனியாக ஒன்று எழுதினார். எனக்கு ஆறு மாதம் பறக்கத் தடை, தலைமைப் பதவியும் போயிற்று. சரியான தண்டனைதான். உங்கள் வேலையை யாரும் தொடவில்லை. மேலாளர் அடுத்த வருடம் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார்.

அந்த ஆறு மாதமும் வீட்டில் உட்கார மனமில்லாமல், தரைப் பணிக்கு வரட்டுமா என்று கேட்டேன். உங்கள் தோள் ஆறி வந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் ஒரே ஆரஞ்சு சட்டையில் நின்றோம். என் மாணவர்கள் என்னைப் பார்த்துச் சங்கடப்பட்டார்கள். முதல் வாரம் எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. கீழே நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது, உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு எதெல்லாம் தெரியாது என்று. வாலின் ஆட்டம் தெரியாது. இறக்கை எடை இழப்பது தெரியாது. தான் எவ்வளவு வேகமாகப் போகிறோம் என்பதே பல நேரம் தெரியாது.

அந்த நாட்களில்தான் புதிய விதி வந்தது. தரையில் நிற்கும் எவர் நிறுத்தச் சொன்னாலும், விமானத்துக்குள் இருப்பவர் எந்தப் பதவியில் இருந்தாலும், இயந்திரத்தை நிறுத்த வேண்டும். காரணம் கேட்பதெல்லாம் அப்புறம். கொட்டகைச் சுவரில் அதை ஆங்கிலத்தில் எழுதி மாட்டினார்கள். நீங்கள் அலுவலகத்துக்குப் போய், "புல்லு வெட்டறவங்களும் இங்கதான நிக்கறாங்க, அவங்களுக்கு எப்படித் தெரியுமுங்க?" என்று கேட்டீர்கள். மறுவாரம் அதே அளவில் தமிழிலும் ஒன்று மாட்டினார்கள். ஓர் எழுத்துப் பிழை இருந்தது. அதையும் திருத்த வைத்தீர்கள்.

தடை முடிந்து நான் மறுபடி விமானத்தில் ஏறிய நாளில் நீங்கள்தான் எதிரே நின்றீர்கள். இயந்திரத்தை முடுக்கும் முன் சன்னலைத் திறந்து, "போலாமுங்களா?" என்று கேட்டேன். விளையாட்டுக்குக் கேட்கிறேன் என்று முதலில் நினைத்தீர்கள். பிறகு நிதானமாகச் சுற்றிப் பார்த்து, "போங்க மேடம்" என்றீர்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் கேட்டேன். நீங்களும் ஒவ்வொரு முறையும், காற்றே இல்லாத மார்கழிக் காலையில்கூட, சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னீர்கள்.

அப்புறம் அந்த நோய். கோவை மருத்துவமனையில் உங்களைப் பார்க்க வந்தபோதெல்லாம் உங்கள் வீட்டுக்காரர் தறிக்கு விடுப்புப் போட்டு அருகில் இருந்தார். நீங்கள் நோயைப் பற்றிப் பேச விடவில்லை. இன்று யார் பறந்தார்கள், யார் வேகமாக உருட்டினார்கள் என்று கேட்பீர்கள். கடைசியாக வந்த நாளில் நீங்களே தொடங்கினீர்கள்.

"அன்னிக்கு உங்களக் கண்ணுன்னு கூப்பிட்டுப்போட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க மேடம்."

"இன்னொரு தடவை கூப்பிடுங்களேன்" என்றேன்.

நீங்கள் சிரித்தீர்கள். சிரித்தால் இருமல் வரும் என்று பயந்து, அடக்கிக்கொண்டு சிரித்தீர்கள். "ரெக்கையில தொங்குனாத்தான் அந்த வார்த்தை வருமுங்க."

உங்களை எடுத்துப்போன அன்று சீருடையோடு ஒன்பது விமானிகள் உங்கள் தெருவில் நின்றோம். இரண்டு பேர் வேறு மாநிலத்திலிருந்து வந்திருந்தார்கள். சதீஷ் இப்போது பெரிய விமானம் ஓட்டுகிறார், அவரும் வந்தார். தெருவில் யாரோ, "இவங்கெல்லாம் யாருங்க?" என்று கேட்டார்கள். உங்கள் வீட்டுக்காரர் சொன்னார்: "எம்பட ஊட்டுக்காரி நில்லுன்னா நிக்கறவங்கெல்லாம் இவங்கதான்." அழுதுகொண்டிருந்த எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது, அம்மணி.

இந்த ஆடியில் நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். நான் மறுபடி தலைமைப் பயிற்றுநர். உங்கள் இடத்துக்குப் பெருந்துறைப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்திருக்கிறார். பேருந்து ஓட்டுநராக இருந்தவர், நாற்பது வயதுக்கு மேல். வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, பேச்சு குறைவு. அன்று தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஒருவரை அழைத்துக்கொண்டு நான் பறக்க வேண்டும். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டார். காற்று இருந்தது, விதிக்கு உட்பட்டுத்தான் இருந்தது. நான் சன்னலைத் திறந்தேன்.

"போலாமுங்களா?"

புதியவர் என்னைப் பார்த்தார். என் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். பிறகு மெதுவாக, "வேண்டாமுங்க மேடம். எனக்கென்னமோ சரியாப் படலீங்க" என்றார்.

சாவியை உருவிவிட்டு இறங்கினேன். வந்திருந்தவருக்குக் கோபம். "யாருங்க இவரு? என்ன காரணம்னு ஒண்ணும் சொல்லலையே?" என்றார்.

"அப்பறமாக் கேட்டுக்கலாமுங்க. அவர் வேண்டான்னா நான் போக மாட்டேன்" என்றேன். அதைச் சொல்லும்போது என் முகம் சூடாகவில்லை.

அன்று பிறகு காற்று அப்படியொன்றும் வலுக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் தணிந்தேவிட்டது. வந்தவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே காரில் ஏறிப் போனார். மாலையில் புதியவர் தயங்கித் தயங்கி என் அறை வாசலுக்கு வந்தார்.

"நான் தப்பாச் சொல்லிப்போட்டனுங்களா மேடம்?"

அவரை உள்ளே அழைத்து உட்கார வைத்தேன். தேநீர் வரவழைத்தேன். உங்களைப் பற்றி முதல் முறையாக அவருக்குச் சொன்னேன், ஆரம்பத்திலிருந்து. கேட்டு முடித்த பிறகே அவர் தம்ளரைக் கையில் எடுத்தார்.

"நாளைக்கும் கேப்பேனுங்க" என்றேன். "உங்களுக்குச் சரியாப் படலீன்னா நாளைக்கும் இப்படியே சொல்லுங்க."

"சொல்றேனுங்க" என்றார். குரல் அந்த முறை உறுதியாக இருந்தது.